மேல்தகுதிச் சான்றிதழ்: செலவு யார் தலையில்?

ஆசிரியர் வேலையில் பழைய முரண் ஒன்று உண்டு. நன்றாகப் பாடம் நடத்துகிறவர் பதவியில் உயர வேண்டுமானால் பாடம் நடத்துவதைக் கைவிட வேண்டும். கணக்கில் பெயர் எடுத்தவர் தலைமையாசிரியர் ஆனதும் அவர் மேசையில் கோப்புகள் குவிகின்றன. பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடம் புதிதாக வந்தவரிடம் போகிறது. வகுப்பறையிலேயே இருக்க விரும்புகிறவருக்கு ஆண்டு ஊதிய உயர்வைத் தவிர எதிர்பார்க்க ஒன்றும் இருப்பதில்லை.

இந்த முரணைத் தீர்க்கப் பல நாடுகள் எடுத்த வழி, மேல்நிலைத் தொழில்முறைச் சான்றிதழ். வேலையில் சேரத் தேவையான தகுதிக்கு அப்பால், அனுபவமுள்ள ஆசிரியரின் கற்பித்தலை எடைபோட்டு ‘இவர் தேர்ந்தவர்’ என்று வழங்கும் சான்று அது. ஆனால் அதைப் பெறப் பணமும் நேரமும் வேண்டும். அந்தச் செலவை ஆசிரியர் ஏற்க வேண்டுமா, அரசு ஏற்க வேண்டுமா? முன்கூட்டியா, வெற்றிக்குப் பிறகா? முயன்று தோற்றவரின் செலவு யார் கணக்கில் சேரும்? முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கேள்விகளுக்கு விதவிதமாக விடை எழுதிப் பார்த்த நாடு அமெரிக்கா. பள்ளிக் கல்வி அங்கே மாநிலங்களின் பொறுப்பு. ஆகவே ஒரே சான்றிதழுக்கு ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விதமாக உதவிப் பார்த்திருக்கிறது.

வாரியம் பிறந்த கதை

அமெரிக்கப் பள்ளிகளின் தரம் சரிகிறது என்று 1983-இல் ‘ஆபத்தில் ஒரு தேசம்’ என்ற அரசு அறிக்கை எச்சரித்தது. அதையொட்டி எழுந்த விவாதத்தில், அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பின் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர் 1985-இல் ஆசிரியர்களுக்குத் தேசிய அளவில் ஒரு தேர்வு முறை வேண்டும் என்று பேசினார். ஒரு தொழிற்சங்கத் தலைவரே அப்படிக் கேட்டது அன்று பலருக்கு வியப்பு. மறு ஆண்டு கார்னகி அமைப்பின் பணிக்குழு அதைப் பரிந்துரையாக்கியது. 1987-இல் தொழில்முறைக் கற்பித்தல் தரங்களுக்கான தேசிய வாரியம் உருவானது. வட கரோலினாவின் ஆளுநராக இருந்த ஜேம்ஸ் ஹன்ட் அதன் முதல் தலைவர். பின்னாளில் அந்த மாநிலம் இந்தச் சான்றுக்கு அள்ளிக் கொடுத்ததற்கு இந்தத் தொடர்பும் ஒரு காரணம்.

வாரியம் அரசு அமைப்பு அல்ல. பள்ளியில் கற்பிக்கத் தேவையான உரிமத்தை மாநில அரசுதான் தருகிறது; அது கட்டாயம். வாரியத்தின் சான்று விருப்பத்தின்பேரில் பெறுவது. பட்டமும் உரிமமும் மூன்றாண்டு அனுபவமும் உள்ளவர் விண்ணப்பிக்கலாம். தொண்ணூறுகளின் நடுவில் தொடங்கி இதுவரை 1,30,000-க்கும் மேற்பட்டோர் பெற்றிருக்கிறார்கள். அமெரிக்க அரசுப் பள்ளிகளில் சுமார் 32 லட்சம் ஆசிரியர்கள் இருப்பதால், நூற்றுக்கு நான்கு பேர்கூட இன்று வகுப்பறையில் இந்தச் சான்றோடு இருக்க மாட்டார்கள்.

உண்மையான செலவு எது?

சான்றிதழ் நான்கு பகுதிகளாக மதிப்பிடப்படுகிறது. ஒன்று, கணினி வழியே எழுதும் பாட அறிவுத் தேர்வு. மற்ற மூன்றும் ஆசிரியர் தானே தொகுத்து அனுப்பும் வகுப்பறைச் சான்றுகள். ஒவ்வொரு பகுதிக்கும் 475 டாலர் என்று நான்குக்கும் 1,900 டாலர். ஆண்டுப் பதிவுக் கட்டணம் 75 டாலர் தனி. மூன்று ஆண்டில் முடிப்பவருக்கு 2,125 டாலர் ஆகிறது. வகுப்பறைச் சான்றுப் பகுதி ஒன்றில் மதிப்பெண் குறைந்து மறுபடி அனுப்பினால் இன்னொரு 475. நான்கு பகுதியாகப் பிரித்துக் கட்டும் வசதி பிந்தியது. அதற்கு முந்தைய காலத்தில் கட்டணம் 2,500 டாலர் வரை போயிருந்தது.

பணத்தைவிடப் பெரிய செலவு நேரம். மூன்றாம் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். தம் வகுப்பு நடக்கும்போது எடுத்த இரண்டு காணொளிகளை ஆசிரியர் அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றும் பத்து முதல் பதினைந்து நிமிடம் ஓடும். நடுவில் வெட்டி ஒட்டக் கூடாது. படத்தில் தெரியும் ஒவ்வொரு மாணவரின் வீட்டிலிருந்தும் கையொப்பமிட்ட ஒப்புதல் வர வேண்டும். ஒரு பெற்றோர் மறுத்துவிட்டால் அந்தப் பிள்ளையை உட்காரும் இடம் மாற்ற வேண்டும், இல்லை கேமராவைத் திருப்பி வைக்க வேண்டும். நல்ல விவாதம் நடந்த நாளில் பின்வரிசைக் குரல் பதிவாகியிருக்காது. குரல் தெளிவாகப் பதிவான நாளில் பாடம் சப்பென்று போயிருக்கும். கடைசியில் ஒரு பதிவு தேறினால், ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டேன், அந்த மாணவி ஏன் தயங்கினாள், நான் வேறு என்ன செய்திருக்கலாம் என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டும். எல்லாப் பகுதிகளுக்கும் சேர்த்து 200 முதல் 400 மணி நேரம் ஆகும் என்பது வழக்கமான மதிப்பீடு. அதில் பெரும்பகுதி மாலைகளிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைகளிலிருந்தும்தான் வருகிறது. கைக்குழந்தை வைத்திருப்பவருக்கும், பள்ளி முடிந்ததும் இரண்டாவது வேலைக்கு ஓடுகிறவருக்கும் அந்த மணி நேரம் 1,900 டாலரைவிடக் கனமானது.

இதனால் நிதியுதவி என்பது மூன்று இடங்களில் நுழைய முடியும்: தொடக்கத்தில் கட்டணமாக, நடுவில் நேரமாகவும் வழிகாட்டலாகவும், முடிவில் சம்பளமாக. பெரும்பாலான மாநிலங்கள் மூன்றாவதில்தான் கவனம் செலுத்தின. தேர்ச்சி பெற்றவரை மேடையேற்றிக் காசோலை கொடுப்பது அரசியலுக்கும் வசதி.

கட்டணம்: தோற்றால் யார் சுமப்பது?

கட்டண உதவியின் வடிவங்கள் மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுபோல் தெரியும். ஆசிரியரின் கணக்கில் அவற்றுக்குள் பெரிய வித்தியாசம்.

விஸ்கான்சின் முறையில் சான்று கிடைத்த பிறகே 2,000 டாலர் வரை திரும்பக் கிடைக்கும். கையில் பணம் இருப்பவருக்கு இது உதவி. கடன் அட்டையில் தேய்த்துக் கட்டியவருக்கு இரண்டு மூன்று ஆண்டு வட்டி. தோற்றவருக்கு மொத்தமும் நட்டம்.

வட கரோலினா தன் தாராள காலத்தில் இதற்கு நேர்மாறாக இருந்தது. கட்டணத்தை மாநிலமே முன்கூட்டிக் கட்டியது. தயாரிப்புக்காக மூன்று நாள் ஊதியத்தோடு விடுப்பும் தந்தது. பாதியில் விட்டவர்களும், முடித்தபின் ஓராண்டாவது மாநிலத்தில் கற்பிக்காதவர்களும் மட்டும் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். முழுதாக முயன்று தேறாதவரிடம் யாரும் கேட்கவில்லை. முயற்சிக்கு உண்டான அபாயத்தை அரசு தன் தோளில் ஏற்றுக்கொண்டது என்று பொருள்.

தென் கரோலினா நடுவழி ஒன்றைக் கண்டது. கட்டணத்துக்குக் கடன் கொடுத்தது. எல்லாப் பகுதிகளையும் அனுப்பி முடித்தால் பாதிக் கடன் தள்ளுபடி. குறித்த காலத்துக்குள் சான்று பெற்றால் முழுதும் தள்ளுபடி. அபாயத்தை இரு தரப்பும் பங்கிட்டுக்கொண்ட முறை இது. முயற்சிக்கு ஒரு பரிசு, வெற்றிக்கு இன்னொரு பரிசு. பொதுப்பணத்தை வீணாக்காமலும் ஆசிரியரைப் பயமுறுத்தாமலும் வடிவமைத்த திட்டங்களுள் இதற்குத் தனி இடம் உண்டு.

கலிபோர்னியா 2021-இல் 25 கோடி டாலர் ஒதுக்கித் தொடங்கிய திட்டத்தில், வறுமை மிகுந்த பள்ளியின் ஆசிரியர் சான்றுக்கான முயற்சியைத் தொடங்கும்போதே 2,500 டாலர் தருவதாக அறிவித்தது. கட்டணத்தைவிடக் கூடுதலான தொகை அது. கூடுதல் 600 டாலரை ஆசிரியர் செலவிட்ட மாலைகளுக்கான விலையாகவும் கொள்ளலாம்.

நேரத்துக்கான உதவியில்தான் அரசுகளின் கை மிகவும் சுருங்கியிருக்கிறது. விடுப்பு நாள்கள், ஏற்கெனவே சான்று பெற்றவர் வழிநடத்தும் குழுக்கள், கோடை முகாம்கள் ஆகியவை பெரும்பாலும் மாவட்டங்களின் அல்லது ஆசிரியர் சங்கங்களின் முயற்சியில் நடக்கின்றன. வாஷிங்டன் மாநில ஆசிரியர் சங்கம் விண்ணப்பதாரர்களுக்குக் கோடைக்காலப் பயிற்சி நடத்திவருவது ஓர் உதாரணம்.

சம்பளம்: எத்தனை ஆண்டு, எந்தப் பள்ளியில்?

வட கரோலினாவில் சான்று பெற்றவருக்கு 12 விழுக்காடு கூடுதல் சம்பளம். விழுக்காடு என்பதால் சம்பளம் ஏற ஏற இதுவும் ஏறும். நாட்டிலேயே அதிகமான சான்று ஆசிரியர்கள் அந்த மாநிலத்தில் இருப்பது தற்செயல் அல்ல. மிசிசிப்பி ஆண்டுக்கு 6,000 டாலர் தருகிறது. ஆசிரியர் சம்பளம் மிகக் குறைவாக உள்ள மாநிலங்களில் ஒன்றான அங்கே அந்தத் தொகையின் மதிப்பே வேறு. மேரிலாந்து 2021-இல் நிறைவேற்றிய கல்விச் சீர்திருத்தச் சட்டத்தின்படி 2022 முதல் ஆண்டுக்கு 10,000 டாலர் உயர்வு தரத் தொடங்கியது.

எந்தப் பள்ளியில் வேலை செய்தாலும் ஒரே தொகை என்றால் என்ன ஆகும் என்பது தொடக்க ஆண்டுகளிலேயே தெரிந்துவிட்டது. சான்று பெற்றவர்கள் வசதியான பள்ளிகளில் குவிந்தார்கள். 2005-இல் ஆறு மாநிலங்களை ஆராய்ந்த ஹம்ஃப்ரி, கோப்பிச், ஹஃப் ஆகியோர், ஏழை மாணவர்களும் சிறுபான்மை மாணவர்களும் படிக்கும் பள்ளிகளுக்கு இவர்கள் குறைவாகவே சென்று சேர்கிறார்கள் என்று காட்டினார்கள். ஆதரவான தலைமையாசிரியர், அளவான வகுப்பு, ஒத்துழைக்கும் பெற்றோர் உள்ள இடத்தில் சான்றுக்குத் தயாராவதும் எளிது. ஆக, பொதுப்பணம் ஏற்கெனவே நன்றாக இருக்கும் பள்ளிகளுக்கே கூடுதலாகப் போனது.

இதைக் கண்டு பல மாநிலங்கள் தொகையைப் பள்ளியோடு இணைத்தன. வாஷிங்டன் 2007-இல் 5,000 டாலர் அடிப்படைத் தொகையோடு, வறுமை மிகுந்த பள்ளியில் பணிபுரிந்தால் இன்னொரு 5,000 வரை என்று சட்டம் செய்தது. இலவச அல்லது சலுகை விலை மதிய உணவு பெறும் மாணவர் தொடக்கப் பள்ளியில் 70, நடுநிலையில் 60, உயர்நிலையில் 50 விழுக்காடு இருந்தால் அந்தப் பள்ளி தகுதி பெறும். மிசிசிப்பி டெல்டா உள்ளிட்ட குறிப்பிட்ட மாவட்டங்களுக்கு மட்டும் கூடுதலாக 4,000 டாலர். விஸ்கான்சினில் 2,500 டாலர், ஏழைப் பள்ளியில் அது இரட்டிப்பாகும். மேரிலாந்தில் பின்தங்கிய பள்ளிக்குக் கூடுதல் 7,000.

பலன் என்ன? வாஷிங்டனின் திட்டத்தை ஜேம்ஸ் கோவனும் டான் கோல்ட்ஹேபரும் நுணுகிப் பார்த்தார்கள். தகுதிக் கோட்டுக்குச் சற்று மேலே உள்ள பள்ளிகளையும் சற்றுக் கீழே உள்ளவற்றையும் ஒப்பிட்டார்கள். கூடுதல் தொகை உள்ள பள்ளிகளில் சான்று பெற்ற ஆசிரியர்களின் பங்கு உயர்ந்தது. புதிதாக வந்தவர்கள் மட்டும் காரணமில்லை. அங்கேயே இருந்தவர்கள் சான்றுக்கு விண்ணப்பித்ததும், பெற்றவர்கள் வெளியேறாமல் நின்றதும் காரணம். ஆனால் மாணவர்களின் தேர்வு மதிப்பெண் அதனால் உயர்ந்ததற்குத் தெளிவான தடயம் கிடைக்கவில்லை. பணம் ஆசிரியரை இடம் சேர்க்கும். அது மட்டுமே பள்ளியைத் திருத்திவிடாது.

சான்றிதழ் எதை அளக்கிறது?

இங்கே ஆய்வுகள் இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கேட்கின்றன. சான்று பெற்றவர்கள் மற்றவர்களைவிட நன்றாகக் கற்பிக்கிறார்களா? சான்றுக்குத் தயாராகும்போது அவர்கள் மேம்படுகிறார்களா?

முதல் கேள்விக்குப் பெரும்பாலான விடைகள் ‘ஓரளவு ஆம்’ என்பவை. வட கரோலினாவின் தரவுகளை வைத்து கோல்ட்ஹேபரும் எமிலி ஆண்டனியும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, சான்று பெற்றவர்கள் முயன்று தோற்றவர்களைவிட மாணவர் மதிப்பெண்ணை அதிகம் உயர்த்தினார்கள் என்று கண்டது. லாஸ் ஏஞ்சலஸில் வகுப்புகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்கி நடத்திய ஆய்விலும் தேறியவருக்கும் தேறாதவருக்கும் இடையிலான வித்தியாசம் துலங்கியது. விண்ணப்பிக்கவே செய்யாதவர்களோடு ஒப்பிட்டபோது அது அவ்வளவு தெளிவாக இல்லை. வித்தியாசமே இல்லை என்று 2005-இல் வில்லியம் சாண்டர்ஸ் குழு சொன்னதும் பதிவில் இருக்கிறது. நாடாளுமன்றம் கேட்டுக்கொண்டதன்பேரில் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2008-இல் எல்லாவற்றையும் தொகுத்துப் பார்த்தது. சான்று பெற்றவர்கள் சராசரியாகச் சிறந்தவர்கள் என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் செலவுக்கேற்ற பலன் உண்டா என்று தீர்ப்புச் சொல்லச் சான்றுகள் போதவில்லை என்றும் எழுதியது.

இரண்டாவது கேள்விக்கு விடை மங்கலாகவே இருக்கிறது. முயற்சியால் ஆசிரியர் மேம்படுகிறார் என்பதற்கு எண்களில் உறுதியான ஆதாரம் இல்லை. தயாரிப்புக் காலம்தான் தம் பணிவாழ்வில் அதிகம் கற்ற காலம் என்று சொல்லும் ஆசிரியர்கள் பலர். அதுவும் உண்மையாக இருக்கலாம்.

நிதிக் கொள்கைக்கு இந்தப் பிரிவினை முக்கியம். சான்று நல்ல ஆசிரியரை அடையாளம் மட்டும் காட்டுகிறது என்றால், பணத்தை முடிவில், அவர் தேவைப்படும் பள்ளியில் தங்குவதற்காகக் கொடுப்பதே பொருத்தம். முயற்சியே ஆசிரியரை வளர்க்கிறது என்றால், பணம் தொடக்கத்திலும் நடுவிலும் போக வேண்டும். தோற்றவருக்கும் போக வேண்டும். எதை நம்பிப் பணம் தருகிறோம் என்று முடிவு செய்யாமலேயே பல மாநிலங்கள் தொகையை மட்டும் முடிவு செய்தன.

வாக்கும் பட்ஜெட்டும்

இந்த வரலாற்றில் ஆசிரியர்களை அதிகம் காயப்படுத்தியது தொகை குறைவு அல்ல, தொகை நிலையாமை. புளோரிடா 1998-இல் கட்டணத்தில் 90 விழுக்காட்டைத் தந்தது. தேறியவருக்குச் சராசரிச் சம்பளத்தில் 10 விழுக்காடு, சக ஆசிரியர்களுக்கு வழிகாட்டினால் இன்னொரு 10 விழுக்காடு. ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். செலவு எகிறியது. 2008 பொருளாதாரச் சரிவை ஒட்டிக் கட்டண உதவி நின்றது, ஊக்கத்தொகையும் தேய்ந்தது. தென் கரோலினா ஆண்டுக்கு 7,500 டாலர் தந்துகொண்டிருந்தது. 2010 ஜூலைக்குப் பின் விண்ணப்பித்தவர்களுக்கு அதை 5,000 ஆக்கியது. 2018 ஜூலைக்குப் பின் வந்தவர்களுக்கு மாநிலத் தொகையே இல்லை. வட கரோலினா 12 விழுக்காட்டைக் காப்பாற்றிக்கொண்டது. ஆனால் கட்டணத்தை முன்கூட்டிக் கட்டும் பழக்கத்தைக் கைவிட்டுக் கடனுக்கு மாறியது. கலிபோர்னியா 2000-இல் பின்தங்கிய பள்ளி ஆசிரியர்களுக்கு நான்கு ஆண்டில் 20,000 டாலர் என்று அறிவித்து, பிறகு கைவிட்டு, 2021-இல் மறுபடி தொடங்கியது.

சான்றுக்குத் தயாராக மூன்று ஆண்டு. பட்ஜெட்டின் ஆயுள் ஓராண்டு. இந்த இடைவெளியில் விழுகிறவர் ஆசிரியர். அதுவும் திட்டம் வெற்றி பெறப் பெறச் செலவு கூடி, வெட்டு விழும் வாய்ப்பும் கூடுகிறது.

பிரிட்டனிலும் இதே கதைதான். ஸ்காட்லாந்து 2003-இல் ‘பட்டய ஆசிரியர்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. பாடத்தொகுதிகளின் கட்டணத்தை ஆசிரியரே கட்டினார். முடிக்க முடிக்க ஊதியம் ஏறியது. சொந்தப் பணம் போட்டவரின் உறுதி பாராட்டத்தக்கது. ஆனால் சேர்கிறவரைப் பள்ளி தேர்ந்தெடுக்கவில்லை, சேர்ந்த பிறகு அவரிடம் கூடுதலாக என்ன எதிர்பார்ப்பது என்பதும் தெளிவாக இல்லை. 2011-இல் மெக்கார்மக் குழு இதை நிறுத்தச் சொன்னது, திட்டம் மூடப்பட்டது. இங்கிலாந்து 2021-இல் தேசியத் தொழில்முறைத் தகுதிப் படிப்புகளை அரசுப் பள்ளி ஆசிரியர் அனைவருக்கும் இலவசமாக்கியது. 2024 இலையுதிர்காலத்திலிருந்து ஏழை மாணவர் மிகுந்த பள்ளிகளுக்கு முன்னுரிமை என்று சுருக்கிக்கொண்டது.

நம் பக்கத்துக் கணக்கு

தமிழ்நாட்டு ஆசிரியருக்கு இந்தக் கதை புதிதல்ல. உயர்கல்வித் தகுதி பெற்றால் ஊக்க ஊதிய உயர்வு என்ற ஏற்பாடு இங்கே பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. துறையின் முன் அனுமதி வாங்கி, அஞ்சல் வழியில் எம்.ஏ.வோ எம்.எட்.டோ படித்து, கட்டணத்தைச் சொந்தக் கையிலிருந்து கட்டி, பட்டம் வந்ததும் பணிப்பதிவேட்டில் பதிந்து, உயர்வுக்கு விண்ணப்பிப்பது வழக்கம். 2020 மார்ச் 10-ஆம் நாளிட்ட அரசாணை அதை ரத்து செய்தது. பிறகு, ஒரே முறை தரும் மொத்தத் தொகையாக வேறு வடிவில் திரும்பியது. அந்தத் தேதிக்கு முன்பே படித்து முடித்தும் ஊக்க ஊதியம் கிடைக்காதவர்களின் கோரிக்கை ஆசிரியர் சங்கங்களின் பட்டியலில் தொடர்ந்து இடம்பெற்றது. புளோரிடாவில் நடந்ததும் இதுதான்: வாக்கை நம்பிப் படிக்கத் தொடங்கியவர் முடிக்கும்போது வாக்கு மாறியிருந்தது.

ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். நம் ஊக்க ஊதியம் பட்டத்துக்குக் கொடுத்த பணம். அந்தப் பட்டம் பெற்றவர் வகுப்பில் என்ன செய்கிறார் என்று அது கேட்கவில்லை. தேசிய வாரியத்தின் கேமராவும் எழுத்தும் அதைத்தான் கேட்கின்றன. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியர்களுக்கான தேசியத் தொழில்முறைத் தரங்களை முன்மொழிந்து, ஆசிரியரின் படிநிலைகளையும் ஊதியத்தையும் அதோடு இணைக்கப் பேசுகிறது. அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. ஏற்ற மாநிலங்களிலும் செலவு யாருடையது என்ற பேச்சு இனிதான் தொடங்க வேண்டும். அது எழும்போது அமெரிக்காவின் முப்பது ஆண்டு கையேடாக உதவும்.

கொள்ள வேண்டியவை

முதலாவது, கட்டணத்தை முன்கூட்டிக் கட்டுவதே நியாயம். திருப்பித் தரும் முறை வசதியுள்ளவரையே வடிகட்டி எடுக்கும். இரண்டாவது, முழுதாக முயன்று தோற்றவரைத் தண்டிக்கக் கூடாது. தென் கரோலினாவின் பாதித் தள்ளுபடி அதற்கு நல்ல முன்மாதிரி. மூன்றாவது, நேரத்துக்கும் வழிகாட்டலுக்கும் பட்ஜெட்டில் தனித் தலைப்பு வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளை அரசு இனாமாக எடுத்துக்கொள்ளலாகாது. நான்காவது, கூடுதல் சம்பளத்தின் கணிசமான பங்கு சிரமப்படும் பள்ளிகளோடு இணைய வேண்டும்; அதே சமயம் அந்தப் பள்ளிகளுக்குத் தேவையான மற்ற எல்லாவற்றுக்கும் அது ஈடாகிவிடும் என்று நினைக்கக் கூடாது.

ஐந்தாவதுதான் மற்ற நான்கையும் தாங்குவது. சேரும் நாளில் நடப்பிலிருந்த விதி, அந்த ஆசிரியர் முடிக்கும்வரை அவருக்குப் பொருந்த வேண்டும். அரசு திட்டத்தை நிறுத்தலாம். அடுத்து வருபவருக்கு நிறுத்தட்டும். தென் கரோலினாகூடத் தொகையைக் குறைத்தபோது, விண்ணப்பித்த தேதியைத்தான் எல்லையாக வைத்தது. 10,000 டாலர் என்று அறிவித்து மூன்றாம் ஆண்டில் கைவிரிக்கும் அரசைவிட, 3,000 டாலர் என்று சொல்லிப் பத்தாண்டு தவறாமல் கொடுக்கும் அரசை நம்பித்தான் ஓர் ஆசிரியர் தம் மாலைகளை ஒதுக்க முடியும்.